பேணிக்குள் கீறிய கோடு

அது ஒரு பால்மாப் பேணி. கடையில் விற்கும் சாதாரணத் தகரப் பேணிதான். மேலே ஒட்டியிருந்த தாள் எப்போதோ போய்விட்டது. அடியில் ஐந்து துருப் பொட்டுகள், விளிம்பில் ஒரு நெளிவு. மூடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோகும்போது சேலைத் தலைப்பால் அதன் வாயை மூடிப் பிடித்துக்கொள்வார். உள்ளே அரிசி எவ்வளவு இருக்கிறது என்று வழியில் வருகிறவர்கள் பார்க்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். பேணியின் உட்புறத்தில், ஏறக்குறையப் பாதி உயரத்தில், ஆணியால் கீறிய கோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கோட்டைக் கீறியவன் நான். அதைப் பற்றி எழுத எனக்குப் பத்து வருடம் சென்றிருக்கிறது.

எங்கள் கிறிஸ்தவ சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சமைக்கிறவர் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துப் புறம்பாகப் போட்டு வைப்பார். ஒரு கிழமையில் அது ஏழு பிடியாகும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்திருக்கும் சாக்கில் கொட்டுவார். அந்தச் சாக்கு, இல்லாதவர்களின் வீடுகளுக்குப் போகும். யார் எவ்வளவு கொட்டினார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. சபையில் எழுதப்படாத ஒரே கணக்கு அதுதான். அதனாலேயே எனக்கு அந்த வழக்கத்தில் இளவயதிலிருந்து ஓர் எரிச்சல் இருந்தது.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது என் வேலை. நாலு கோடு கீறி ஐந்தாவதைக் குறுக்கே வெட்டினால் ஐந்து. வெயிலில் நின்று அப்படிக் கீறிக் கீறி, கப்பற்காரரின் கணக்கோடு ஒத்துப்பார்ப்போம். முரண்பட்டால் பெரும்பாலும் என் கணக்குத்தான் சரியாக இருக்கும். அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. கோயிலில் உட்காரப் பதினான்கு வாங்குகள், அவற்றில் இரண்டு ஆடும். காலைச் சாப்பாட்டுக்கு ஓர் இறாத்தல் பாணை என் மனைவி பதினாறு துண்டாக வெட்டுவாள். பதினைந்தாக வெட்டிய நாளில் நான் கேட்டுவிடுவேன். ஏன் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது. குறைந்துவிடுமோ என்ற பயம் என் வயிற்றில் எப்போதும் இருந்தது. எங்கள் வீட்டில் உண்மையில் எதுவும் குறைந்ததில்லை.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். சாம்பல்தீவில் வாழ்க்கைப்பட்டவர். அத்தான் காய்ச்சலில் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் ஞாயிறு, அவர் பேணியோடு கோயிலுக்குப் போயிருந்தார். கோயில் சற்று மேட்டில் இருந்தது. அதனால் அக்கா பிழைத்தார். திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டுமே நின்றது. மூன்றாம் நாள், யாரோ கொடுத்த ஊதாச் சேலையோடு, ஒரு லொறியின் முன் இருக்கையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கையில் அந்தப் பேணி. அதற்குள் ஒன்றும் இல்லை. கடல் வருவதற்கு முன்பே அரிசியைச் சாக்கில் கொட்டியிருந்தார்.

"கேட்டியே தம்பி," என்றார், கதிரையில் உட்கார்ந்ததும். "நான் சாக்கில கொட்டின அரிசியை மத்தியானமே கஞ்சி காய்ச்சி எனக்கே தந்திட்டினம். கடவுளுக்கு ஏழு பிடி நட்டம்."

என் மனைவி சிரித்தாள், பிறகு குசினிக்குள் போய் அழுதாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே என் மனம் எண்ணிவிட்டது: இனி மூன்று பேர்.

அக்கா பிறவியிலேயே அடக்கமானவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பங்குக்கு அவரைப் போலச் சண்டை பிடித்தவர் இல்லை. மீன் தலைக்காக ஒருமுறை என் முழங்கையைக் கடித்தார். அந்தத் தழும்பு இன்னும் தெரியும். பள்ளிக்கூடத்தில் தன் சட்டைக்கு மூன்று பொத்தான், அடுத்த பிள்ளையின் சட்டைக்கு நாலு என்று அழுதவர். அந்த அக்கா ஐம்பத்தொன்பது வயதில் என் வீட்டுக்கு வந்தபோது, எதைக் கொடுத்தாலும் ஒரே சொல்லைத்தான் சொன்னார். தலையணை ஒன்று போதுமா என்று கேட்டால் "காணும்." தேநீருக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடவா என்றால் "காணும்." கூரை ஒழுகும் பக்கத்து அறையில் படுக்கலாமா என்று தயங்கிக் கேட்டபோதும் "காணும் தம்பி, மழை வந்தால் கட்டிலை இழுப்பன்." நான் அதைச் சோர்வு என்று எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் இழந்த மனிசி, ஆசைப்பட இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வந்த இரண்டாம் நாளே சமையலை அவர் ஏற்றுக்கொண்டார். மத்தியானம் மட்டுந்தான் எங்கள் வீட்டில் சோறு. ஆளுக்கு ஒரு சுண்டு அரிசி என்பது என் கணக்கு, ஆக மூன்று சுண்டு. இருபத்தைந்து கிலோச் சாக்கில் ஏறக்குறைய நூறு சுண்டு இருக்கும். ஆகவே ஒரு சாக்கு முப்பத்துமூன்று நாள் வரவேண்டும். நிவாரண அரிசி நின்ற பிறகு நாங்கள் வாங்கிய முதற்சாக்கு முப்பத்தொரு நாளில் முடிந்தது. நான் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். அக்கா மூன்று சுண்டு அளந்து உலையில் போட்டுவிட்டு, சாக்கிலிருந்து மேலதிகமாக ஒரு பிடி எடுத்துப் பேணியில் போடுவதைக் கண்டிருந்தேன். ஐந்து பிடி ஒரு சுண்டு. முப்பத்தொரு பிடி ஆறு சுண்டுக்குச் சற்று மேல். அது இரண்டு நாள் அரிசி. கணக்கு ஒரு குறையும் இல்லாமல் வந்தது. எனக்கு அதில் சந்தோசம் வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, இந்தச் சாக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்திருக்க வேணும்," என்றேன். "புதன்கிழமையே முடிஞ்சுபோச்சு."

மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "இஞ்சருங்கோ, உங்கட கண்டறியாத கணக்கைக் கொண்டுபோய்க் கப்பல்ல வையுங்கோ. மச்சாள் ஒரு பிடி அரிசி எடுத்தா வீடு விழுந்திடுமே?"

"நான் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை. மூண்டு சுண்டுக்குள்ள எடுங்கோ எண்டுதான் சொல்லுறன். மேலால எடுத்தா எனக்குச் சாக்குக் கணக்குப் பிழைக்குது."

அக்கா என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு என் கூட்டல் விளங்கியிருக்காது. ஆனாலும் கடைசி வரி வரை பார்த்தார். "அவன் சொல்லுறது சரிதான் மச்சாள். இது அவன்ர சாக்கு. நான் கேட்டிருக்க வேணும். இனிக் குறையாது தம்பி."

அத்தோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. பேணியை வாங்கி, அக்காவைக் கொண்டே ஏழு பிடி போடுவித்து, அரிசி வந்து நின்ற மட்டத்தில் ஓர் ஆணியால் உட்புறம் கோடு கீறினேன். "கிழமைக்கு இவ்வளவு. இதுக்கு மேல போகப்படாது." கடல் விட்டுவைத்த ஒரே பொருளின் மேல் நான் கீறினேன். தகரத்தில் ஆணி எழுப்பிய சத்தத்தில் மனைவி காதைப் பொத்தினாள். அக்கா பேணியை வாங்கி, ஊதித் தகரத் தூளைப் போக்கிவிட்டு, "நல்லதாய்ப் போச்சு. இனி எனக்கும் மறக்காது," என்றார்.

அடுத்த சாக்கு முப்பத்துமூன்று நாள் வந்தது. பேணியும் ஒவ்வொரு ஞாயிறும் கோட்டைத் தொட்டது. என் தட்டிலும் பழையபடி ஐந்து அகப்பைச் சோறு விழுந்தது. துறைமுகத்தில் வேலை செய்தவனுக்கு இந்த மூன்றும் ஒருங்கே சரியாக வரக் கூடாது என்று தெரியும். மூன்று சுண்டுக்குள் ஒரு பிடி போனால் எங்கேயோ ஓர் அகப்பை குறைந்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் நான் முதலில் மேசையில் சாப்பிடுவேன். பெண்கள் இருவரும் பிறகு சாப்பிடுவார்கள். மனைவி முன் அறையில் வானொலி கேட்டபடி, அக்கா குசினியில். ஒருநாள் கை கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் குசினி வாசலில் நின்றேன். அக்கா மனைவியின் தட்டில் ஐந்து அகப்பை போட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து தன் தட்டில் நாலு போட்டார். பானையைச் சுரண்டினார், ஒன்றும் இல்லை. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார். தலை குனிந்து ஜெபித்தார். பிறகு தட்டைப் பார்த்து, எதிரில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "காணும்," என்றார்.

நான் மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாளும் பார்த்தேன். நாலு, நாலு.

எனக்கு விளங்கிவிட்டது. நான் அறியாமல் இருந்தேன் என்று இந்தப் பத்து வருடத்தில் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். எனக்குத் தெரியும். "ஐந்தாவது அகப்பையை என் தட்டிலிருந்து எடுங்கோ அக்கா" என்று சொல்ல அன்றைக்கே வாய் இருந்தது. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என்னை ஏசிவிட்டு உலையில் ஒரு பிடி கூடுதலாகப் போட்டிருப்பாள். நான் சொல்லவில்லை. சாக்கு முப்பத்துமூன்று நாள் வந்தது, அதனால் சொல்லவில்லை. வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அடுத்த வருடம் அறுவடை நன்றி ஆராதனைக்கு எங்கள் போதகர் மனநிறைவைப் பற்றிப் பேசினார். அது பிறப்பில் வருவதல்ல, அப்போஸ்தலரே சிறையில் இருந்துகொண்டு அதைத் தாம் கற்றுக்கொண்டதாகத்தான் எழுதினார், அதை ஒவ்வொரு நாளும் பழகவேண்டும் என்றார். பிரசங்கம் முடிந்ததும் என்னைப் பார்த்தார். "ஐயா கணக்கறிந்த மனுசர். வீட்டு அனுபவம் ஏதும் இருந்தால் சாட்சியாய்ச் சொல்லுங்கோவன்." நான் எழுந்து போனேன். எங்கள் வீட்டில் மூன்று பேர், ஒரு சாக்கு, முப்பத்துமூன்று நாள் என்றேன். அதற்குள் ஒவ்வொரு நாளும் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுக்கிறோம், ஆனாலும் சாக்கு ஒரு நாளும் முந்தி முடிவதில்லை, எங்கள் தட்டும் குறைவதில்லை என்றேன். போதும் என்று இருக்கிறவனுக்கு ஆண்டவர் கணக்கைத் தாமே சரிக்கட்டுகிறார் என்றும் சொன்னேன். அந்த வசனம் எனக்கே பிடித்திருந்தது. பதினான்கு வாங்குகளிலிருந்தும் ஆமென் வந்தது. பெண்கள் பக்கம் மூன்றாம் வாங்கில் அக்கா, மடியில் வெறும் பேணியோடு, மற்றவர்களைப் போலவே ஆமென் சொன்னார்.

வெளியே மதிலோரம், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் இரண்டு பொலித்தீன் பையொன்றை இழுத்துக்கொண்டு நின்றன. அக்கா அதை அவற்றின் வாயிலிருந்து பறித்து எறிந்தார். ஓட்டோவில் ஏறியதும் என் பக்கம் திரும்பி, "வடிவாய்க் கதைச்சனி தம்பி," என்றார். அந்தக் குரலில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று வீடு போய்ச் சேரும் வரை தேடினேன். இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அக்கா எங்களோடு பதினொரு வருடம் இருந்தார். கடைசியில் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மத்தியானத்தில் நான் சாப்பாட்டுக் கரியரோடு போவேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "காணும்" என்பார். அப்போது அது உண்மையாகவே வயிற்றுக்குக் காணும். போகும் வழியெல்லாம் நான் ஒரு வசனத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போவேன்: அக்கா, அந்த ஐந்தாவது அகப்பை எனக்குத் தெரியும், என்னை மன்னியுங்கோ. ஐந்து நாள் அதைக் கொண்டுபோய் ஐந்து நாளும் திருப்பிக் கொண்டுவந்தேன். ஆறாம் நாள் அவரே தொடங்கினார்.

"தம்பி, நீ அண்டைக்குக் குசினி வாசல்ல நிண்டு பாத்தனி. மூண்டு நாள். எனக்குத் தெரியும்."

என் கையில் கரியரின் மேல் தட்டு இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

"பாத்தும் நீ ஒண்டும் கேக்கேல்லை," என்றார் அக்கா. "கேட்டிருந்தா மச்சாளுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ தன்ர சோத்தை என்ர தட்டில கொட்டியிருப்பா. பிறகு நான் குடுக்கிறது அவவின்ர அரிசி. கடல் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போச்சு. உன்ர வீடு, உன்ர சாக்கு, உன்ர உலை. எனக்கெண்டு குடுக்க அந்த ஒரு பிடிதான் இருந்தது. நீ அதைக் கண்டும் காணாத மாதிரி விட்டாய். அது எனக்குப் பெரிய உதவி. சொல்லாமல் போகப்படாது எண்டு நினைச்சனான்."

நான் கேட்டேன், "பசிக்கேல்லையே அக்கா?"

"பசிக்காமல்?" அவர் சிரித்தார். "முதல் வருசம் நல்ல கோவமும் வந்தது. மேசையில இருந்து வயிறு நிறைஞ்சு நீ ஏவறை விடுற சத்தம் கேட்டால் அகப்பையால உன்ர தலையில ஒண்டு போட வேணும் போல இருக்கும். அந்த மீன் தலைக்குக் கடிச்ச பல்லுத்தானே. பிறகு ஒவ்வொரு நாளும் தட்டைப் பாத்து 'காணும்' எண்டு வாய்விட்டுச் சொல்லுவன். வாய் சொன்னதை வயிறு நம்பக் கன காலம் செண்டது. இடைக்கிடை நம்பாது. மறுநாளும் சொல்லுவன்."

நான் கொண்டுபோன வசனத்தைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இருந்திருக்க முடியாது. கட்டிலில் அவர், பக்கத்தில் நான், இடையில் யாரும் இல்லை. அவர் நன்றி சொன்னது என் கருணைக்கு. என்னிடம் இருந்தது கருமித்தனம். அதைத் திருத்திச் சொல்ல வேண்டியதுதான் மிச்சம். நான் சொன்னது இரண்டே சொல்.

"அதுக்கென்ன அக்கா."

அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் அக்கா போய்விட்டார். பதினொரு வருடம், நாளுக்கு ஓர் அகப்பை. நாலாயிரத்துப் பதினைந்து. நெட்டாண்டுகளின் மேலதிக நாட்களை நான் சேர்க்கவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தேழு வயதாகிறது. மனைவியின் விரல்கள் வளைந்துபோய்விட்டன. அரிசி அளப்பது என் வேலை. இரண்டு பேருக்கு இரண்டு சுண்டு. தவக்காலம் தொடங்கியபோது, அக்கா செய்ததை நாற்பது நாளுக்கு நானும் செய்வது என்று தீர்மானித்தேன். இரண்டு சுண்டுக்குள் ஒரு பிடி எடுப்பது, அந்தக் குறையை என் தட்டில் மட்டும் வைப்பது. இன்றோடு இருபத்தாறு நாள். செய்தது பதினொரு நாள். மற்ற நாட்களில் உலைக்கு முன்னால் நின்று பிடியை அள்ளுவேன், பாதியைத் திரும்பப் போடுவேன், பிறகு மீதியையும் போடுவேன். நேற்றுப் பிடியை எடுத்திருந்தேன். மத்தியானம் மனைவி என் தட்டில் நாலு போட்டுவிட்டு அகப்பையோடு நின்று, "இன்னும் ஒண்டு போடவோ?" என்று கேட்டாள். 'காணும்' என்ற சொல் என் நாக்கின் மேல் ஆயத்தமாக இருந்தது. பானைக்குள் எட்டிப் பார்த்தேன். "போடு," என்றேன்.

அவள் போட்டாள். பிறகு தன் தட்டைக் குசினிக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் கதிரையை விட்டு எழுந்து அவள் பின்னால் போனேன். அவள் தட்டில் நாலுதான் இருந்தது. இந்த முறை நான் வாசலில் நிற்கவில்லை. என் தட்டைக் கொண்டுவந்து ஓர் அகப்பையை அவளுக்குத் தள்ளினேன். "என்ன வந்தது உங்களுக்கு?" என்று கேட்டாள். மேசைக்குத் திரும்பி வந்து மீதியைச் சாப்பிட்டபோது பசித்தது. கோபமும் வந்தது. அக்கா அதைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார்.

இன்று ஞாயிறு. காலையில் பேணியை எடுத்து உள்ளே பார்த்தேன். இந்தக் கிழமை நாலு பிடி. அரிசி நான் கீறிய கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. சாக்கிலிருந்து மூன்று பிடி அள்ளிப் போட்டால் கோட்டைத் தொட்டுவிடும். அதற்கு ஒரு நிமிடம் போதும், கேட்க ஆளும் இல்லை. போடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் அக்காவோடு பழகிய பெண்ணொருவர், "அக்காவின்ர பேணியெல்லோ?" என்று ஆசையோடு எட்டிப் பார்க்க வந்தார். "ஓம்," என்றேன். கோட்டுக்கு மேலே வெறுமையாக இருந்த தகரத்தை அவர் பார்த்துவிடாதபடி, உள்ளங்கையால் பேணியின் வாயை இறுக மூடிக்கொண்டு, பஸ் வரும்வரை நின்றேன்.